காலி லோரிக்குப் பட்டை கழட்டின கதை

காலி லோரியில உக்காந்து போனவனுக்குத்தான் அந்தக் கொடுமை தெரியும். பாரம் சுமக்கறதுக்குன்னே செஞ்ச வண்டி அது. பின்பக்கம் அச்சுக்கு மேல ரெண்டு பக்கமும் இரும்புப் பட்டைகளை ஒண்ணுமேல ஒண்ணா அடுக்கிக் கட்டியிருப்பான். அதுதான் ஸ்பிரிங். முழுப் பாரம் ஏத்தினா பட்டை வளைஞ்சு குடுக்கும், வண்டி மெத்து மெத்துன்னு போகும். காலியா இருந்தா அது வளையவே வளையாது. ரோட்டுல ஒரு கூழாங்கல் கிடந்தாக்கூட அந்த அடியை அப்படியே தூக்கி நம்ம இடுப்புல போடும். பின்கதவுச் சங்கிலி ஒரு பக்கம் அலறும், பலகை ஒரு பக்கம் அலறும், இஞ்சின் வேற. பக்கத்துல இருக்கற ஆள் உயிர் போகுதுன்னு கத்தினாலும் காதுல விழாது.

நான் ஓட்டினது அந்த மாதிரி ஒரு கிழட்டு லோரி. அதுக்குச் சொந்தக்காரர் ஒரு சீனத் தவுக்கே, முதலாளின்னு அர்த்தம். கோலாலம்பூர்ல அவருக்கு ரப்பர் கிட்டங்கி. காலையில ரப்பர் கட்டுகளை ஏத்திக்கிட்டு கிள்ளான் வழியா துறைமுகத்துக்குப் போகணும். இறக்கிட்டு அரிசி மூட்டை ஏத்திக்கிட்டு சாயங்காலம் திரும்பணும். கூட ஒரு ஆள் உண்டு. கெலிண்டான்னு சொல்லுவோம். பாரம் ஏத்தறது, கயிறு கட்டறது, இறக்கறது எல்லாம் அவர் பொறுப்பு.

என்னோட வந்த கெலிண்டான் என்னைவிட மூத்தவரு. ஆனா ஸ்டியரிங் பிடிக்கறவனாச்சேன்னு என்னை அண்ணேன்னு கூப்பிடுவாரு. வயசுல மூத்தவராச்சேன்னு நானும் அவரை அண்ணேன்னுதான் கூப்பிடுவேன். கிட்டங்கியில கேக்கறவனெல்லாம் சிரிப்பான். சிரிச்சா சிரிச்சுட்டுப் போறான், எங்களுக்கென்ன!

போகும்போது அவரு என் பக்கத்துல உக்கார முடியாது. ரப்பர் கட்டு வழுக்கும். மேட்டுல ஏறும்போது ஒண்ணு நகர்ந்தா மத்ததெல்லாம் சேர்ந்து நகரும். அதனால அவரு கட்டுகளுக்கு மேலேயே உக்காந்து கயிறைப் பார்த்துக்கிட்டு வருவாரு. கயிறு தளர்ந்தா என் தலைக்கு மேல கூரையில ஒரு தட்டு தட்டுவாரு, நான் நிறுத்துவேன். போற வழி பூரா எங்களுக்குள்ள பேச்சு அவ்வளவுதான். திரும்பும்போது அரிசி மூட்டை. அது நகராது, வழுக்காது. தார்ப்பாய் போட்டுக் கட்டிட்டு அவரு முன்னால வந்து உக்காந்துக்குவாரு. பாரத்துல வண்டி அசைஞ்சு அசைஞ்சு வரும். பேச ஆரம்பிப்போம்.

என்ன பெரிய பேச்சு? ஒண்ணுமில்ல. கெண்டை ருசியா கெளுத்தி ருசியான்னு பத்து தீகாங்கற ஊர்ல ஆரம்பிக்கற சண்டை கோலாலம்பூர் வர்ற வரைக்கும் ஓடும். அவரு தங்கியிருந்தது செந்தூல்ல, ரயில்வே பட்டறையில வேலை செய்யற சொந்தக்காரங்க வீட்டுல. பொண்டாட்டியும் பொண்ணும் கடல் தாண்டி தமிழ்நாட்டு ஊர்ல. அந்த வீட்டுல நடக்கற மாமியார் மருமக சண்டையை அவரு சொல்லிக் கேக்கணும். ரெண்டு பேர் குரலையும் மாத்தி மாத்திப் பேசிக் காட்டுவாரு. ஒரு தடவை சிரிச்ச சிரிப்புல லோரியை வாய்க்கால்ல விட இருந்தேன்.

நான் அவரை விடாமப் பிடிச்சுக்கிட்டதுக்குக் காரணம் இருக்கு. எனக்குன்னு ஒருத்தரும் கிடையாது. அப்பா அம்மா ரெண்டு பேரும் ரப்பர் தோட்டத்துலேயே காய்ச்சல்ல போயிட்டாங்க. ஊருன்னு சொல்லிக்க அக்கரையில ஒரு கிராமத்துப் பேர் தெரியும், அவ்வளவுதான். நான் தங்கியிருந்தது பிரிக்பீல்ட்ஸ்ல ஒரு கடைக்கு மேல இருந்த ரூம்ல. ரயில்வே ஆளுங்க ஷிப்ட் மாத்தி மாத்தி வந்து படுக்கற இடம். என் பாயில பகல்ல இன்னொருத்தன் படுப்பான். நான் வேலை முடிஞ்சு போகும்போது அவன் கிளம்பிப் போயிருப்பான். பாயில சூடு இருக்கும், ஆள் இருக்க மாட்டான். அவன் மூஞ்சியை நான் சரியாப் பார்த்தது கூட இல்ல. சாப்பாட்டுக் கடையில போய் உக்காந்தா என்ன வேணும்னு ஒருத்தன் கேப்பான், அதுக்கு ஒரு பதில். மனுஷன்கிட்ட மனுஷனா நான் பேசினதெல்லாம் துறைமுகத்துல இருந்து திரும்பி வர்ற அந்த ரோட்டுலதான்.

அப்பத்தான் ரப்பர் விலை விழுந்துச்சு. சாதாரணமாவா விழுந்துச்சு? தோட்டம் தோட்டமா மரத்துல பால் வெட்டறதை நிறுத்திட்டான். ஜனங்களை மூட்டை முடிச்சோட கப்பலேத்தி ஊருக்கு அனுப்ப ஆரம்பிச்சுது சர்க்கார். எங்க லோரிக்குப் போற பாரம் பாதியாச்சு. திரும்பற பாரம் சுத்தமா நின்னு போச்சு. திங்கற வாயே குறைஞ்சு போச்சு, அரிசியை யாருக்குக் கொண்டு வர்றது? காலி வண்டியா திரும்பி வான்னுட்டாரு தவுக்கே.

காலி வண்டியில முதல் நாள் ரெண்டு பேரும் சிரிச்சோம். தூக்கித் தூக்கிப் போட்டதுல அவரு தலை கூரையில முட்டுச்சு. ரெண்டு வாரத்துல சிரிப்பெல்லாம் போச்சு. அந்தச் சத்தத்துல பேச முடியல. ஒரு விஷயத்தை ரெண்டு தடவை கத்திச் சொல்லிப் பாருங்க, அப்புறம் அதுல என்ன ருசி இருக்கும்? மாமியார் குரல்ல கத்தினாலும் மருமக குரல்ல கத்தினாலும் ஒரே கத்தல்தான். ரெண்டு பேரும் வாயை மூடிக்கிட்டு ரோட்டைப் பார்த்துக்கிட்டே வந்தோம். பக்கத்துல ஆளை வச்சுக்கிட்டே தனியா வர்ற மாதிரி இருந்துச்சு. எனக்கு எரிச்சல் எரிச்சலா வரும்.

அவருக்கு இடுப்பு பிடிச்சுக்கிச்சு. முதல்ல ஒரு துண்டை இறுக்கிக் கட்டிக்கிட்டாரு. அப்புறம் சாக்கை மடிச்சுப் போட்டு அதுமேல உக்காந்தாரு. அதுக்கப்புறம் உக்காரவே முடியாம, ரெண்டு கையையும் உக்காரற பலகையில ஊனிக்கிட்டு உடம்பை அந்தரத்துல தூக்கி வச்சுக்கிட்டு வருவாரு. வேர்த்து ஊத்தும். ஒரு நாள் வண்டியை நிறுத்தி இறங்கினப்ப, நிமிர முடியாம மட்கார்டைப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு.

"இந்த இடுப்பை வச்சுக்கிட்டு இந்த வேலை எனக்கு ஒத்து வராது போல இருக்கு அண்ணே"ன்னாரு.

இவரு போயிட்டா எனக்கு யாரு இருக்கா? அவருக்கு இடுப்பு வலி, எனக்கு இந்த வலி. எப்படியாவது இந்த லோரி ஆட்டத்தை அடக்கிடணும், இவரை நிப்பாட்டிடணும்னு அங்கேயே முடிவு பண்ணிட்டேன்.

முதல்ல பண்ணின காரியத்தைச் சொன்னா நீங்களே சிரிப்பீங்க. பாரம் இல்லாததாலதானே குதிக்குது, பாரத்தைப் போடுவோம்னு துறைமுகத்துப் பக்கம் மணலை அள்ளிச் சாக்குல கட்டிப் பின்னால போட்டேன். வண்டி நல்லாத்தான் வந்துச்சு. ஆனா மறுநாள் ரப்பர் ஏத்தணும்னா அந்த மணல் மூட்டையை யாரு இறக்கறது? கெலிண்டான்! முதுகு நிமிராத மனுஷன் எனக்காக மணல் மூட்டையைச் சுமக்கறாரு. அடச்சே, என்ன மூளைடா இதுன்னு மணலைக் கொட்டிட்டேன். அப்புறம் டயர்ல காத்தைக் குறைச்சேன். அதுவும் நல்லாத்தான் வந்துச்சு. காலையில பாரம் ஏத்தறதுக்கு முன்னாடி மறுபடியும் காத்தடிக்கணுமே, அந்தக் கைப் பம்பை யாரு அடிக்கறது? அதுவும் கெலிண்டான் வேலைதான். நானே அடிக்கறேன்னு பிடுங்கினேன். "டிரைவர் பம்பு அடிச்சா எனக்கென்ன மரியாதை?"ன்னு திருப்பிப் பிடுங்கிக்கிட்டாரு.

மூணாவதா எண்ணெய். பட்டைக்குப் பட்டை துரு ஏறி ஒட்டிக்கிட்டு இருந்ததைப் பார்த்தேன். வழுக்கினாத்தானே வளையும்? அவரு இடுப்புக்குத் தேய்க்க நல்லெண்ணெய் வாங்கி வச்சிருந்தாரு. அதையே எடுத்துப் பட்டை சந்துல ஊத்தினேன். சனிக்கிழமை தலைக்கு ஊத்தற மாதிரி தாராளமாத்தான் ஊத்தினேன். ரெண்டு நாளைக்கு சொகுசு. அதுக்கப்புறம் செம்மண் புழுதி பூரா அந்த எண்ணெயில ஒட்டி, காய்ஞ்சு, முன்னைக்கும் மோசமா கிறீச் கிறீச்சுன்னு கத்த ஆரம்பிச்சிருச்சு. "என் எண்ணெயும் போச்சு, என் இடுப்பும் போச்சு"ன்னு அவரு தலையில அடிச்சுக்கிட்டாரு.

கிள்ளான்ல ஒரு சீனக் கொல்லர் இருந்தாரு. அவருகிட்ட வண்டியைக் காட்டினேன். குனிஞ்சு பார்த்தாரு, பட்டையைச் சுத்தியால ரெண்டு தட்டு தட்டினாரு. எப்பவும் கோசோங்கான்னு கேட்டாரு. காலியாத்தான் வருதான்னு அர்த்தம். வரும்போது கோசோங், போகும்போது பாதிதான்னேன். அப்ப எதுக்கு இவ்வளவு பட்டை, கழட்டுன்னாரு. எனக்கு உறைச்சது அப்பத்தான். பாரம் பாதியாகி எத்தனையோ நாளாச்சு, பட்டை மட்டும் பழைய பாரத்துக்கே தயாரா விறைச்சுக்கிட்டு நிக்குது. மேல இருக்கற நீளப் பட்டையைத் தொடாதேன்னாரு கொல்லர், அதுதான் வண்டியைப் பிடிச்சுக்கிட்டு இருக்கு. கீழே இருந்து ரெண்டு பக்கமும் சமமாக் கழட்டு. கழட்டின இடத்துல அதே கனத்துக்கு ஒரு இரும்புத் துண்டு வை, இல்லேன்னா போல்ட் இறுகாதுன்னாரு. துண்டையும் அவரே வெட்டிக் குடுத்தாரு.

தவுக்கேகிட்ட கேட்டேன். "சுக்கா ஹாத்தி லா"ன்னாரு. உன் இஷ்டம்னு அர்த்தம். உடைஞ்சா உன் தலைன்னும் சேர்த்துச் சொன்னாரு.

சீனப் பெருநாள், அவங்க வருஷப் பிறப்புக்குக் கிட்டங்கியை மூடினாங்க. அந்த லீவுல கெலிண்டான் அண்ணனுக்குத் தெரியாம வேலையை முடிச்சுடணும்னு திட்டம். கிட்டங்கி முற்றத்துல நானும் லோரியும்தான். ஜாக்கி வச்சு பின்பக்கத்தைத் தூக்கி, ரெண்டு பக்கமும் மரக்கட்டையை முட்டுக் குடுத்தேன். துரு ஏறின போல்ட்டுக்கு மண்ணெண்ணெய் ஊத்தி ஊறப் போட்டு, இழுத்து, வசவு வசவா வைஞ்சு, ஒரு வழியாக் கழட்டினேன். வெளியே தெருப் பூரா பட்டாசு. எல்லா வீட்டுலேயும் ஆளுங்க வந்து சேர்ந்திருக்காங்க, சிரிக்கறாங்க, சாப்பிடறாங்க. நான் வண்டிக்கு அடியில மல்லாந்து படுத்து, பட்டையை ஒவ்வொண்ணா எடுத்து மண்ணையும் துருவையும் சுரண்டிக்கிட்டு இருந்தேன். மத்த நாளா இருந்தா அழுகை வந்திருக்கும். அன்னிக்கு வரல. எனக்கும் ஒருத்தருக்காகச் செய்ய ஒரு வேலை இருந்துச்சு.

பட்டைக்குப் பட்டை கிரீஸ் தடவி அடுக்கினேன். கீழ்ப்பட்டைகளை எடுத்துட்டு கொல்லர் குடுத்த துண்டை வச்சு இறுக்கினேன். சங்கிலி அலறாம இருக்க பழைய சாக்கைக் கிழிச்சுச் சுத்தினேன். ஆடற பலகைக்கெல்லாம் ஆப்பு அடிச்சேன். வெளியே வந்து பின்பக்கம் ஏறி ஒரு குதி குதிச்சுப் பார்த்தேன். வண்டி அமுங்கி எழுந்துச்சு. பைத்தியக்காரன் மாதிரி தனியாச் சிரிச்சேன்.

லீவு முடிஞ்சு முதல் நாள். பாதிப் பாரத்தை வண்டி நல்லாவே தாங்குச்சு. துறைமுகத்துல இறக்கினோம், கிளம்பினோம். பண்டமாரான் ஊரைத் தாண்டற வரைக்கும் அவரு பழக்கத்துல ரெண்டு கையையும் பலகையில ஊனிக்கிட்டுதான் வந்தாரு. அப்புறம் ஒரு கையை எடுத்தாரு. இன்னொரு கையையும் எடுத்தாரு. என்னைப் பார்த்தாரு.

"என்னண்ணே பண்ணினீங்க?"

"ஏன், நல்லா இல்லையா?"

"ஐயோ, தொட்டில்ல போட்டு ஆட்டற மாதிரி இருக்கு அண்ணே!"

அவரு கண்ணு கலங்கிப் போச்சு. எனக்கும்தான், மறைக்கறதுல என்ன இருக்கு. அன்னிக்கு அவரு கத்தாம சொன்னாரு, எனக்குக் கேட்டுச்சு. நான் சாதாரணமா பதில் சொன்னேன், அவருக்குக் கேட்டுச்சு. கெண்டை கெளுத்தி சண்டை மறுபடியும் ஆரம்பிச்சுது. மாமியாரும் மருமகளும் திரும்பி வந்தாங்க. லீவுல அந்த வீட்டுல பெரிய ரகளையாம், மருமக உலக்கையைத் தூக்கிட்டாளாம். அதை அவரு நடிச்சுக் காட்டினதை இப்ப நினைச்சாலும் சிரிப்பு வருது.

நாளாக ஆக அவரு இடுப்பு தெளிஞ்சுது. துண்டை அவுத்தாரு. சாக்கைத் தூக்கிப் போட்டாரு. ஒரு நாள் ரப்பர் கட்டு ஒண்ணை யார் உதவியும் இல்லாம முதுகுல தூக்கிக்கிட்டு நடந்து போயிட்டு, திரும்பி என்னைப் பார்த்து மீசையை முறுக்கினாரு. எனக்குப் பெருமை தாங்கல. இனிமே எங்கே போவாரு, நம்ம ஆள் நம்மகூடத்தான்னு நினைச்சுக்கிட்டேன். அந்தக் கொஞ்ச நாள் மாதிரி நான் சந்தோஷமா இருந்ததே இல்ல. ரூமுக்குப் போய் அந்தப் பாயில படுத்தா, நாளைக்கு அவருகிட்ட என்ன பேசலாம்னு யோசிச்சுக்கிட்டே தூங்கிடுவேன்.

ஒரு சாயங்காலம் பத்து தீகா தாண்டி வந்துக்கிட்டு இருந்தோம். மழை பெய்ஞ்சு விட்டிருந்துச்சு. ரெண்டு பக்கமும் பால் வெட்டாம விட்ட ரப்பர் மரம், ஒரு ஆளைக் காணோம்.

"அண்ணே, ஒரு விஷயம்."

"சொல்லுங்கண்ணே."

"நான் ஊருக்குப் போறேன்."

"போயிட்டு வாங்க. எத்தனை மாசம்?"

"திரும்பி வரல அண்ணே. பேர் பதிஞ்சாச்சு. அடுத்த கப்பல்."

நான் ரோட்டையே பார்த்தேன். கை மட்டும் ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கிட்டு இருந்துச்சு.

"இடுப்புதான் சரியாப் போச்சே"ன்னேன்.

"அதனாலதான் போறேன். அரிசி நின்னப்பவே போயிடணும்னு இருந்துச்சு. இங்க இனிமே என்ன இருக்கு? தவழ்ந்துக்கிட்டு இருந்தப்ப பார்த்த பொண்ணு, இப்ப வயசுக்கு வந்துட்டாளாம். ஆனா அந்த இடுப்போட எப்படிப் போறது? கப்பல்ல வெறும் பலகையில கிடக்கணும். அங்க போய் இறங்கினா மம்பட்டி பிடிக்கணும். பொண்டாட்டி முன்னால முடவனாப் போய் நிக்கறதைவிட இங்கேயே கிடந்து செத்துடலாம்னு இருந்தேன். நீங்க பட்டையைக் கழட்டினீங்க, நான் எழுந்து நின்னுட்டேன். எல்லாம் உங்க புண்ணியம் அண்ணே."

"முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

"எப்படிச் சொல்றது? லோரி போட்ட சத்தத்துல, இதைப் போய்க் கத்தியா சொல்ல முடியும்?"

எனக்கு ஆத்திரம் ஆத்திரமா வந்துச்சு. அவரு மேலயா, லோரி மேலயா, என் மேலயான்னு தெரியல. எதுக்க ஒரு பெரிய பள்ளம் தண்ணி நிறைஞ்சு கிடந்துச்சு. ஒதுங்கிப் போயிருக்கலாம். வேணும்னே அதுல விட்டேன். வண்டி அமுங்கி, ஒரு ஆட்டம் ஆடி, மெதுவா ஏறி வந்துருச்சு.

"பார்த்தீங்களா, ஒண்ணுமே தெரியல!"ன்னு அவரு சந்தோஷமாச் சொன்னாரு.

கப்பல் நாள்ல அவரு தகரப் பெட்டியை ரப்பர் கட்டுகளுக்கு நடுவுல வச்சுக் கட்டினோம். இன்னிக்காவது முன்னால உக்காருங்கண்ணேன்னு கெஞ்சினேன். கயிறை யாரு பார்க்கறதுன்னு மேலே ஏறிக்கிட்டாரு. அந்த வழி பூரா கயிறு ஒரு தடவை கூடத் தளரல. துறைமுகத்துல எல்லாக் கட்டுகளையும் அவரே இறக்கினாரு. அங்கே தோட்டத்து ஜனம் மூட்டையும் பிள்ளையுமா கூட்டமா நின்னுச்சு. பெட்டியைத் தலையில வச்சுக்கிட்டு அந்தக் கூட்டத்துக்குள்ள போனாரு. திரும்பிப் பார்த்திருப்பாரு, எத்தனையோ தலைக்கு நடுவுல எனக்குத்தான் தெரியல.

பாதிப் பாரத்துக்கு இனிமே கெலிண்டான் எதுக்கு, நீயே கட்டிக்கோன்னு தவுக்கே முன்னாடியே சொல்லிட்டாரு. தனியா வண்டியை எடுத்தேன். சங்கிலி சத்தம் இல்ல, பலகை சத்தம் இல்ல. கிள்ளான்ல பாலத்துக்கு ஏறற இடத்துல ரோடு உடைஞ்சு கிடக்கும். அங்கே வந்ததும் வாய்ப் பழக்கத்துல, "பிடிச்சுக்குங்கண்ணே"ன்னேன். கத்தல, பக்கத்துல இருக்கறவருக்குச் சொல்ற மாதிரிதான் சொன்னேன். அவ்வளவு தெளிவா எனக்கே கேட்டுச்சு.